பேசினால் பரிசு, கேட்டால் நோட்டீஸ்

மாண்புமிகு உயர்கல்வித் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அரசு கலைக் கல்லூரிகளில் பொருளியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. யாருக்கும் இடமாறுதல் கேட்டோ, பேரனுக்கு சீட் கேட்டோ இதை எழுதவில்லை. நீங்கள் எந்தக் கட்சி என்பதும் இந்த மடலுக்குப் பொருட்டில்லை. உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களுக்கும் இதையேதான் எழுதியிருப்பேன். அப்போது பணியில் இருந்தேன். அரசு ஊழியர் நடத்தை விதிகள் வாயைக் கட்டியிருந்தன.

நான் கேட்பது ஒன்றுதான். கல்லூரிப் பிள்ளைகள் நாட்டு நடப்பைப் பற்றிக் கல்லூரிக்குள்ளேயே உட்கார்ந்து பேச வழிவிடுங்கள்.

'யார் தடுத்தார்கள்? ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறோமே' என்று உங்கள் அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். தமிழ் வளர்ச்சித் துறை, தலைவர்களின் பிறந்த நாளையொட்டி மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துகிறது. முதல் பரிசு 5,000 ரூபாய். நானே நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் கையை வீசி, குரலை ஏற்றி இறக்கி, மனப்பாடம் செய்ததைக் கொட்டிவிட்டுப் போவார்கள். பெரியாரைப் பற்றி ஏழு நிமிடம் பேசியவனுக்குப் பரிசு. அதே பையன் மறுவாரம், 'விடுதியில் எங்களுக்கு மட்டும் ஏன் தனி வரிசை?' என்று பெரியார் கேட்டிருக்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டால் அவனுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ், அவன் அப்பாவுக்கு போன். பேச்சுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. எதிரே இருப்பவன் மறுத்துக் கேட்கிற பேச்சுக்குத்தான் இடமில்லை.

ஒரு கூட்டத்துக்கு அனுமதி வாங்குவது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தொகுதி மறுவரையறை தமிழ்நாட்டை என்ன செய்யும் என்று ஒரு துறை மாணவர்கள் ஒரு மதியம் பேச ஆசைப்படுகிறார்கள். துறைத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் ஓரத்தில் 'ஃபார்வர்டட்' என்று மட்டும் எழுதி மேலே தள்ளுவார். 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுத மாட்டார். நாளைக்கு ஏதாவது வந்தால் கையெழுத்து அவருடையது அல்லவா? பிரின்சிபால் அறையில் முதல் கேள்வி: 'இதுல அரசியல் எதுவும் வராதுல்ல?' தொகுதி மறுவரையறையில் அரசியல் வராமல் சமையல் குறிப்பா வரும்? பேசப் போகிறவர் யார், எந்த ஊர், ஃபேஸ்புக்கில் என்ன எழுதுகிறார் என்ற விசாரணை முடிந்ததும் தலைப்பு மாறும்: 'இந்திய அரசமைப்பும் இளைஞர் கடமையும்'. சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வருவார். வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை, சிறப்புரை, நினைவுப் பரிசு எல்லாம் ஆகும். அழைப்பிதழில் 'கலந்துரையாடல்' என்று ஒரு வரி இருந்திருக்கும். அது நேரமின்மையால் கைவிடப்படும். இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பெஷல் பிராஞ்ச் ஏட்டு போன் செய்வார்: 'சார், உங்க காலேஜ்ல ஏதோ மீட்டிங்காமே?' அந்த ஒரு போனுக்குப் பயந்தே அடுத்த மூன்றாண்டு எந்தக் கூட்டமும் நடக்காது.

பல கல்லூரிகளில், தனியாரில் பெரும்பாலும், சேரும்போதே ஒரு உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ராகிங் செய்ய மாட்டேன் என்ற தாளுக்கு அடுத்த தாள் அது. எந்த அரசியல் இயக்கத்திலும் சேர மாட்டேன், போராட்டத்தில் கலந்துகொள்ள மாட்டேன் என்று எழுதியிருக்கும். ஜூனியரை அடிப்பதும் ஊர்வலத்தில் நடப்பதும் ஒரே தட்டில் வைக்கத்தக்க குற்றங்களாகிவிட்டன. 1989 முதல் 18 வயதில் வாக்குரிமை தந்த நாடு இது. முதல் ஓட்டைப் போட்டுவிட்டு, விரலில் மை காயாமல் கல்லூரிக்கு வருகிறவனிடம் 'உனக்கெதற்கு அரசியல்?' என்கிறோம்.

வேறு ஏதோ மாநிலத்து அமைச்சராக நீங்கள் இருந்தால் இவ்வளவு கோபப்பட மாட்டேன். இந்த மாநிலத்தின் அரசியலே விடுதி அறைகளில் உருவானது. கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் பிராமண மாணவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பானை, மற்றவர்களுக்கு ஒரு பானை என்று இருந்தது. அதை எதிர்த்து மாணவர்கள் கூடிப் பேசியதிலிருந்துதான் 1943-இல் திராவிட மாணவர் கழகம் பிறந்தது. எந்தத் தலைவரும் மேலிருந்து உத்தரவிட்டு நடந்த காரியமில்லை. ஒரு பானையைப் பார்த்து வந்த கேள்வி. அதே காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு பேரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் நாவலர் நெடுஞ்செழியன், 1967-இல் அண்ணா அமைச்சரவையில் கல்வி அமைச்சர். இன்னொருவர் பேராசிரியர் அன்பழகன், அவரும் பின்னாளில் கல்வி அமைச்சர். அவர்கள் காலத்து நிர்வாகம் இன்றைய உறுதிமொழித் தாளை நீட்டியிருந்தால் உங்கள் துறையின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

1965 ஜனவரி 25 அன்று மதுரையில் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளம்பிய மாணவர் ஊர்வலத்தையும், இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் இறந்ததையும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. மேடைக்கு மேடை சொல்கிறோம். அடுத்த பொதுத் தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்த பெ. சீனிவாசன் அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர்.

திராவிடக் கட்சிகள் ஆட்சிக்கு வந்த பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் மேடையில் சொல்வதில்லை. 1971-இல் அதே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலமைச்சர் கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருவதை எதிர்த்த மாணவர்கள் மீது தடியடி நடந்தது. உதயகுமார் என்ற மாணவர் குளத்தில் பிணமாகக் கிடந்தார். 2013 மார்ச்சில் ஈழத் தமிழர்களுக்கு நீதி கேட்டு லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள்; அது மாநிலம் முழுக்கப் பரவியதும் ஜெயலலிதா அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய பிள்ளைகளை ஊரே கொண்டாடியது. அந்தக் கூட்டமும் 23-ஆம் தேதி தடியடியில்தான் முடிந்தது. யார் ஆண்டாலும் பழக்கம் ஒன்றே: மாணவன் எதிர்க்கட்சிக்குப் பயன்படும்வரை வீரன், ஆளுங்கட்சியைக் கேட்டால் தூண்டிவிடப்பட்டவன்.

2015 மே மாதம் சென்னை ஐஐடியில் நடந்ததையும் நினைவுபடுத்த வேண்டும். அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் மீது ஒரு மொட்டைக் கடிதம் போனது. மத்திய மனிதவள அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பியது. வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. தமிழ்நாடு கொதித்தது, கொதித்திருக்கவும் வேண்டும். ஜூன் முதல் வாரம் முடிவதற்குள் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. சரி, அன்று மத்திய அரசின் நிறுவனத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வியை நம் வாசலிலும் கேட்டுப் பார்ப்போம். உங்கள் துறைக்குக் கீழே இருக்கும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட அரசு கலை அறிவியல் கல்லூரிகளில், மாணவர்களே தலைப்பு வைத்து, மாணவர்களே நடத்துகிற படிப்பு வட்டம் எத்தனை கல்லூரியில் இருக்கிறது? ஒரு சுற்றறிக்கை விட்டுக் கணக்குக் கேளுங்கள். ஐஐடி மாணவனுக்காவது ரத்து செய்வதற்கு ஒரு அங்கீகாரம் இருந்தது.

பேச விடாத இடம் காலியாகவே இருக்கும் என்று நினைப்பதுதான் நிர்வாகத்தின் பெரிய மயக்கம். அங்கே வேறு ஒன்று வந்து உட்காரும். கையில் கட்டுகிற சாதிக் கயிறு வந்து உட்காரும். நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியில் சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொல்லி 2024-இல் அறிக்கை தந்தது பள்ளிக்கூடங்களைப் பார்த்து. அந்தப் பிள்ளைகள்தான் அடுத்த ஆண்டு கல்லூரிக்கு வருகிறார்கள். சென்னையில், பஸ் ரூட்டுக்குத் தலைவன் என்று சொல்லிக்கொள்ளும் 'ரூட்டு தல' வந்து உட்காருவான். எந்த பஸ் ரூட்டு யாருடையது என்பதில் பச்சையப்பன், மாநிலக் கல்லூரி மாணவர்கள் கத்தியோடு மோதிக்கொள்வதைச் செய்தியில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். 2024 அக்டோபரில் ஒரு மாணவர் உயிரே போனது. 2008 நவம்பரில் சென்னை சட்டக் கல்லூரி வளாகத்தில் சாதி மோதலில் மாணவர்கள் மாணவர்களை அடித்துப் போட்டதை, வாசலில் போலீஸ் நின்று பார்த்ததை, டிவியில் எல்லோரும் பார்த்தோம். அரசியலே கூடாது என்று சொல்லப்பட்ட கல்லூரிகளின் மாணவர்கள் செய்தவை இவை. தலைமை தாங்கும் ஆசை இருபது வயதில் எல்லோருக்கும் வரும். கல்லூரித் தேர்தலில் நிற்க வழியில்லாதவன் பஸ் கூரையில் ஏறி நிற்கிறான்.

பேச விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு வகுப்பைச் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்த புதிது. 'மனிதவள மேம்பாடு' என்று பாடத்தலைப்பு போலவே ஒரு பெயர் வைத்து, பொருளியல் மன்றத்தில் அதைப் பேச விட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். 'பொண்ணுங்களுக்கு மட்டும் ஆயிரம் ரூபாய், நாங்க என்ன பணக்காரங்களா சார்?' வகுப்பே கைதட்டியது. ஒரு மாணவி எழுந்து, 'உன்னை எப்பக் கட்டிக் குடுக்கப் போறாங்கன்னு உங்க வீட்ல பேசறாங்களா? எங்க வீட்ல பேசறாங்க. அந்த ஆயிரம் வர்றதாலதான் அந்தப் பேச்சு நின்னிருக்கு' என்றாள். அவன் உட்காரவில்லை, 'அப்ப எனக்குப் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன?' என்றான். இன்னொருத்தி, 'நான் எய்டட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சேன், எனக்கு ஏன் இல்ல?' என்றாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் புதுமைப்பெண் நீட்டிக்கப்பட்டது. உங்கள் கோட்டையில் கோப்புகள் சுற்றி வந்து எட்டிய இரண்டு முடிவுகளையும் பி.ஏ. முதலாமாண்டு வகுப்பு ஒரு பீரியடில் தொட்டுவிட்டது. இதில் எந்தக் கட்சி வந்தது, எந்தக் கலவரம் வந்தது?

எதிர்வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. கேரளத்தைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கிறேன். 2018-இல் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் ஒரு மாணவர் குத்திக் கொல்லப்பட்டார். கட்சிகள் கொடியும் காசும் கொடுத்து வளாகத்தைப் பங்கு போட்டுக்கொள்வதை நானும் ஏற்கவில்லை. மகளை நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் அனுப்பிவிட்டு மாலை வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய், 'எதிலயும் தலையிடாதம்மா' என்று சொல்வதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பயங்களுக்கெல்லாம் விடை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் கேட்டு, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி 2006 செப்டம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் கூடாது (நம் பேச்சுப் போட்டிப் பரிசுத் தொகைதான்). அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியது மட்டும். 75 சதவீத வருகை வேண்டும். கட்சிகளுக்கு இடமில்லை. வேட்புமனு முதல் முடிவு வரை பத்து நாளில் முடிய வேண்டும். சூழல் சரியில்லாத இடங்களில் மட்டும் தற்காலிகமாக நியமன முறை இருக்கலாம். அதையும் ஐந்தாண்டுக்குள் தேர்தலாக மாற்ற வேண்டும் என்றது குழு. அந்த ஐந்தாண்டு எப்போதோ முடிந்துவிட்டது. நம் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் மாணவர் தலைவர் என்பவர் ஆசிரியர்கள் பார்த்து, மார்க் பார்த்து, 'நல்ல பையன்' என்று கைகாட்டியவர். ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்வது அவர் வேலை.

தமிழ்நாட்டில் உயர்கல்வி வயதினரில் 100-க்கு 47 பேர் கல்லூரியில் சேருகிறார்கள், இந்தியா முழுக்க 28 பேர்தான் என்று 2021-22 கணக்கெடுப்பை எடுத்துப் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். அந்த 47 பேரில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வீட்டில் அரசியல் பேசினால் அப்பா அதட்டுவார், ஊரில் பேசினால் சாதி குறுக்கே வரும், போனில் பேசினால் முகம் தெரியாதவன் அசிங்கமாகத் திட்டுவான். வேறு சாதி, வேறு மதம், வேறு கட்சிக் குடும்பத்துப் பிள்ளையோடு முகத்துக்கு நேரே வாதாடிவிட்டு, பிறகு ஒன்றாக டீ குடிக்கக் கூடிய இடம் அவர்களுக்குக் கல்லூரி ஒன்றுதான்.

ஆகவே, அமைச்சர் அவர்களே, ஒரு அரசாணை போடுங்கள். வரும் கல்வியாண்டில் கல்லூரி திறந்த எட்டு வாரத்துக்குள் அரசுக் கல்லூரிகளில் லிங்டோ விதிப்படி மாணவர் பேரவைத் தேர்தல் நடத்தச் சொல்லுங்கள். வகுப்பு முடிந்த பிறகு மாணவர்கள் கூடிப் பேச அறை கேட்டால், முன் அனுமதி என்ற பேச்சு இல்லாமல், தகவல் கொடுத்தாலே அறையைத் திறந்துவிட வேண்டும் என்று எழுதுங்கள். போராட்டத்தில் கலந்துகொள்ள மாட்டேன் என்று கையெழுத்து வாங்கும் தாளை, தனியார் கல்லூரிகள் உட்பட எல்லா இடத்திலும் செல்லாது என்று அறிவியுங்கள். கூட்டத்துக்குத் துணை நின்ற ஆசிரியரை அந்தக் காரணத்துக்காக இடம் மாற்றக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்றவை கோப்பில் தூங்கும், அனுபவத்தில் சொல்கிறேன். ஆணை இரண்டு பக்கத்துக்கு மேல் வராது. அரசுக்குச் செலவும் அதிகம் இல்லை.

முதல் கூட்டத்தில் பிள்ளைகள் உங்கள் துறையைப் பற்றித்தான் கேட்பார்கள். கௌரவ விரிவுரையாளர் சம்பளம், காலியான பணியிடங்கள், விடுதிச் சாப்பாடு எல்லாம் வரும். ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல், பொன்னாடை இல்லாமல் போய் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்