திரும்பி வராதவர்களின் பெயர்கள்

ஊர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் தரம் 9 பிள்ளைகளை சீகிரியவுக்குக் கூட்டிப் போனோம். மலை ஏறி இறங்கி, களைத்துப் போய் பஸ்ஸில் ஏறினோம். வழியில் விமானப் படை முகாமின் பெயர்ப் பலகையைக் கண்டதும், "இது ரெண்டாம் உலக யுத்தத்தில வெள்ளைக்காரன் போட்ட விமானத் தளம், 1942 இல" என்று சொல்லி வைத்தோம். பாதிப் பிள்ளைகள் தூக்கம். பின் ஆசனத்திலிருந்து ஒரு மகள் கேட்டாள்: "டீச்சர், இங்கேருந்து போன ப்ளேன் எல்லாம் திரும்பி வந்திச்சா?"

அந்த இடத்தில் எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. "இல்லம்மா, சிலது வரல்ல" என்று மட்டும் சொன்னோம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. தேடி வாசித்தோம். வாசித்ததையும், அதை வைத்து நாங்கள் நினைப்பதையும் இங்கே எழுதுகிறோம்.

1942 ஏப்ரலில் இலங்கை எவ்வளவு பெரிய ஆபத்தில் இருந்தது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. எங்கள் மூத்தம்மாமார் சொல்லும் 'கூப்பன் அரிசி' காலம் அந்த வருடம்தான் தொடங்கியது. கோதுமை மாவும் பாணும் எங்கள் சாப்பாட்டில் நிலையாக இடம்பிடித்ததும் அந்தக் காலத்தில்தான்.

ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலையிலிருந்து ஒரு கெட்டலினா விமானம் கடலைக் கண்காணிக்கப் போனது. ஒன்பது பேர் கொண்ட குழு. தலைவர் லெனார்ட் பேர்ச்சல், கனடா நாட்டவர், இலங்கைக்கு வந்து இரண்டே நாள். திரும்ப வேண்டிய நேரத்தில் தூரத்தில் புள்ளிகள் போலத் தெரிந்தவற்றை அருகில் போய்ப் பார்த்தார்கள். அது ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல் படை. கொழும்புக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள். ஆறு பேர் கைதிகளாக ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பேர்ச்சல் விடுதலையானது 1945 இல்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. துறைமுகத்தோடு அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலையிலும் விழுந்தது. பொதுமக்களில் 80 பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஏப்ரல் 9 ஆம் திகதி காலை திருகோணமலையின் முறை. அன்று கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்து பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் கப்பல் படையைத் தேடிப் புறப்பட்டன. ஆம், இன்று கடைகளும் நடைபாதையும் இருக்கிற அதே ரேஸ்கோர்ஸ்தான். 11 ஆவது படையணி, ஒரு விமானத்தில் மூன்று பேர். பாதுகாப்புக்கு ஒரு சண்டை விமானம் கூடக் கூடப் போகவில்லை. ஒன்பது விமானங்கள் கப்பல்களுக்கு மேலே போய்ச் சேர்ந்தன. குண்டுகள் தண்ணீரில் விழும் வரை ஜப்பானியத் தலைமைக் கப்பலான அகாகிக்கு அவை வந்ததே தெரியாது. ஆனால் ஒன்றும் படவில்லை. பக்கத்தில் விழுந்தன, அவ்வளவுதான். அதன் பிறகு ஜப்பானிய சண்டை விமானங்கள் விரட்டின. போன ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. ஐந்து விமானம், பதினைந்து பேர். அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீஸ் கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தார்கள்.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். 1943-44 இல் சீகிரியவில் 160 ஆவது படையணி இருந்தது. நான்கு எஞ்ஜின் லிபரேட்டர் விமானங்கள். அங்கிருந்து வங்காள விரிகுடாவைத் தாண்டி சுமாத்ரா வரை போய் படம் பிடித்துவிட்டு வருவார்கள். போக வர கீழே கடல் மட்டும்தான். அந்தப் படையணியும் ஆட்களை இழந்தது. கடலுக்கு மேலே காணாமல் போனவருக்குக் கபுறும் இல்லை, அடையாளக் கல்லும் இல்லை.

ஆனால் பெயர் இருக்கிறது. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த விடயம்தான்.

சிங்கப்பூரில் கிராஞ்சி என்ற இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. தெற்காசியா, கிழக்காசியா முழுவதிலும், சுற்றியுள்ள கடல்களிலும் இறந்து உடல் கிடைக்காத விமானப் படையினரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. தரைப் படையினரையும் சேர்த்து 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அதிகாரி என்றும் சிப்பாய் என்றும் தனித்தனி அளவில் எழுத்து இல்லை. உடல் கிடைத்தவர்கள் கண்டி பிட்டகந்த யுத்த மயானம் போன்ற இடங்களில் இருக்கிறார்கள். மாத்தளையிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம். எங்களில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அங்கே பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லோரும் ஒரே புல் தரையில் கிடக்கிறார்கள். புல் இன்றைக்கும் வெட்டப்படுகிறது.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள், "அது வெள்ளைக்காரன்ட யுத்தம், எங்களுக்கென்ன?" நியாயமான கேள்விதான். அந்த யுத்தத்துக்குப் போவதா இல்லையா என்று எங்கள் பெரியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடிமை நாடு, இழுத்துக்கொண்டு போனார்கள். அன்று கொழும்பில் இறந்த துறைமுகத் தொழிலாளியின் பெயரையோ அங்கொடை நோயாளியின் பெயரையோ அந்தப் பேரரசு இந்த அக்கறையோடு கல்லில் பொறித்து வைத்ததாக நாங்கள் எங்கேயும் வாசிக்கவில்லை. ஆகவே பேரரசைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. சீகிரியவிலிருந்து போனவர்களும் அவர்கள் மேல் சுட்டவர்களும் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். இரண்டு பக்கமும் உம்மாமார் காத்திருந்தார்கள்.

நாங்கள் சொல்வது வேறு. காணாமல் போன ஒருவனைத் தேடுவதும், கிடைக்காவிட்டால் பெயரையாவது எழுதி வைப்பதும் உயிரோடிருப்பவர்கள் மேலுள்ள கடன். எங்கோ பிறந்து எங்கள் கடலில் விழுந்தவனுக்கு அந்தக் கடனை ஒரு நாடு கொடுத்திருக்கிறது. நாங்கள் எங்கள் ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறோமா?

மாத்தளை வைத்தியசாலைக் காணியை யோசித்துப் பாருங்கள். 2012 நவம்பரில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். 87-89 கலவர காலத்தில் கொல்லப்பட்ட இளைஞர்கள் என்று ஒரு பக்கம் சொன்னார்கள், அதைவிடப் பழையவை என்று இன்னொரு பக்கம் சொன்னார்கள். ஆய்வு, ஆணைக்குழு எல்லாம் வந்தன. மகனைத் தேடி வந்த தாய்மாருக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. அந்தத் தாய்மாரில் பெரும்பாலானோர் சிங்களவர். அதனால் அது எங்கள் பிரச்சினை இல்லை என்று நாங்கள் பேசாமல் கடந்து போனோம். உண்மையைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

ஆனால் ஒரு ஜனாஸாவின் அருமை எங்களுக்குத் தெரியாதா? 2020 இல் எங்கள் மையித்துகளை எரித்தார்கள். பிறந்து இருபது நாளான பிள்ளையைக்கூட விடவில்லை. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி வந்தது, அதுவும் தூரத்து ஓட்டமாவடியில். 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. குளிப்பாட்ட முடியாமல், கபுறில் ஒரு பிடி மண் போட முடியாமல் நின்ற வாப்பாமாரின் முகம் எங்களுக்கு மறக்குமா? 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்ட எங்கள் சகோதரர்களில் ஹஜ் முடித்து வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காகக் குடும்பங்கள் முப்பது வருடங்களுக்கு மேல் காத்திருந்தன. இந்த வலியைத் தெரிந்த சமூகம், அடுத்தவன் வலியை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

மார்க்கத்திலும் வழி இருக்கிறது. தூர தேசத்தில் இறந்த நஜ்ஜாஷி மன்னருக்காக நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் நின்று தொழுதார்கள். உடல் முன்னால் இல்லை என்பதற்காக ஒருவரை விட்டுவிடவில்லை. ஷாபிஈ மத்ஹபில் காயிப் ஜனாஸா எங்களுக்குப் புதிதல்ல.

ஆகவே மூன்று சின்ன வேலைகளை முன்வைக்கிறோம். காசு பெரிதாகத் தேவையில்லை.

ஒன்று, சீகிரிய சுற்றுலா போகும் பாடசாலைகள் காசியப்பன் கதையோடு விமானத் தளத்தின் கதையையும் சொல்லட்டும். முடிந்தால் அடுத்த பயணத்தில் பிட்டகந்த மயானத்துக்கும் போகட்டும். பிள்ளைகள் ஆளுக்கொரு கல்லைப் பார்த்து, பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு வரட்டும். யுத்தம் என்றால் என்னவென்று அந்த வயதுகளே சொல்லிக் கொடுக்கும்.

இரண்டு, ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்தும் தன் மையவாடிப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கட்டும். கறையான் அரித்திருந்தால் மிச்சத்தைப் படம் பிடித்து வைப்போம். பதிவே இல்லாத காலத்துக்கு, எண்பது வயது தாண்டியவர்களிடம் கேட்டு எழுதுவோம். கூப்பன் காலத்தையும் கொழும்பிலிருந்து சனம் ஓடி வந்த கதையையும் தாய் தகப்பன் வாயால் கேட்டவர்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் சிலர் குறைகிறார்கள்.

மூன்று, காணாமல் போனவர்களின் தாய்மார் எந்த ஊரில் கூடினாலும், எந்த மொழியில் அழுதாலும், எங்களில் நாலு பேராவது பக்கத்தில் போய் நிற்போம். 2020 இல் எங்களுக்காகக் கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் சிங்களவர்களும் தமிழர்களும் இருந்தார்கள். அந்தக் கடனும் பாக்கி இருக்கிறது.

அந்த மகளுக்கு திங்கட்கிழமை வகுப்பில் பதில் சொன்னோம். "எல்லாம் திரும்பி வரல்ல மகள். ஆனா வராத ஆக்கள்ட பேரை எழுதி வச்சிருக்காங்க." அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எங்கட ஆக்கள்ட பேரை யார் டீச்சர் எழுதுற?" என்றாள்.

இந்த முறையும் எங்களிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன யுத்த காலக் கதைகளையும் எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம்.

அல்லாஹ் எல்லோருடைய உள்ளங்களுக்கும் ஆறுதல் தருவானாக. ஆமீன்.