சர்வீஸ் முடிந்தது என்றால் ரசீது எங்கே?

பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வருபவரிடம் வங்கி கேட்கும் தாள்களின் பட்டியல் சிறியதன்று. பதிவுச் சான்று, காப்பீடு, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30, முந்தைய உரிமையாளர் கடனில் வாங்கியிருந்தால் அதைத் தீர்த்ததற்கான படிவம் 35, மதிப்பீட்டாளரின் அறிக்கை, டீலரின் விலைப்புள்ளி ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் கோப்பு அடுத்த மேசைக்கு நகராது. ஆனால் அந்தக் காரின் எஞ்சின் ஆயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்பவர் எவருமில்லை. இருபது ஆண்டுகளாகக் கடன் கோப்புகளைப் பார்த்துவரும் நானும் கேட்டதில்லை, நாகபுரிக் கிளையில் பணியாற்றிய ஒரு கோடை வரையில்.

அவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் கிளையில் ஓய்வூதியக் கணக்கு வைத்திருந்தார். மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் பேருந்தில் ஏறி இறங்க இயலவில்லை. வார்தாவில் இருக்கும் மகள் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் போய்வர ஒரு கார் வேண்டும் என்றார். எட்டு ஆண்டுப் பழைய சிறிய பெட்ரோல் கார், விலை 4,10,000 ரூபாய். அதில் 3,00,000 ரூபாய் நாங்கள் கொடுத்த கடன். தாள்கள் யாவும் சரியாக இருந்தன. கோப்பில் கையெழுத்திட்டவன் நான்தான்.

வண்டி எடுத்த அன்று இனிப்புப் பெட்டியுடன் கிளைக்கு வந்து, வெளியே அழைத்துச் சென்று காட்டினார். வண்டி பளபளத்தது. எஞ்சின் பகுதியைக்கூட நீரடித்துக் கழுவி, கறுப்புக் குழாய்களுக்கெல்லாம் மினுமினுப்புத் தெளித்திருந்தார்கள். "ஃபுல் சர்வீஸ் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள் சாகேப், இனிப் பத்தாயிரம் கிலோமீட்டருக்குக் கவலையில்லை என்று சொன்னார்கள்" என்றார்.

பதினோராவது நாள், மே மாத நண்பகலில், பூட்டிபோரியைத் தாண்டியதும் வெப்பமானியின் முள் மேலே ஏறியது. கோடை வெயிலில் ஏசி ஓடுவதால் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி மேலும் சில கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். பிறகு எஞ்சின் நின்றுவிட்டது. விதர்பாவின் மே மாத வெயிலில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனைவியுடன், சாலையோர மரத்தடியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்.

பணிமனையில் திறந்து பார்த்தபோது கூலண்ட் இருக்க வேண்டிய இடத்தில் துருநிறத்தில் வெறும் குழாய்த் தண்ணீர் இருந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே தார் போலக் கறுத்து ஒட்டியிருந்தது. ஏர் ஃபில்டரில் புழுதியும் சருகும் அடைத்திருந்தன. முன்சக்கரப் பிரேக் பேடுகள் உலோகம் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. பழுது நீக்க 34,600 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூலண்டை மாற்றிக் கசிவு இருக்கிறதா என்று முன்பே பார்த்திருந்தால் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும் என்று பணிமனைப் பொறுப்பாளர் சொன்னார். பிரேக்கின் நிலையைச் சொன்னபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

டீலர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? அவர்கள் எல்லோரும் தீயவர்கள் என்பது என் கருத்தன்று. வாங்கி நிறுத்திய ஒவ்வொரு காரிலும் அவர்களின் பணம் முடங்கிக் கிடக்கிறது. அது பெரும்பாலும் வட்டிக்கு எடுத்த பணம். வண்டி நிற்கும் ஒவ்வொரு வாரமும் லாபத்தைத் தின்கிறது. அந்நிலையில் செலவு செய்யும் ரூபாய் விற்பனையை விரைவுபடுத்த வேண்டும் என்றே எவரும் நினைப்பர். பாலிஷும் இருக்கை உறையும் கண்ணுக்குத் தெரிந்து விற்கும். புது ஆயில் கண்ணுக்குத் தெரியாது. தவிர, "வாங்குபவர் எப்படியும் தம் மெக்கானிக்கிடம் ஒருமுறை விடுவார்" என்ற எண்ணமும் இத்தொழிலில் ஊறியிருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லி, விலையில் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை. செய்யாததைச் செய்ததாகச் சொல்லி, அதற்கும் சேர்த்து விலை வாங்குவதுதான் குற்றம்.

பி.காம். இரண்டாம் ஆண்டில் வணிகச் சட்டம் படித்தவர்களுக்கு 1878-ஆம் ஆண்டின் பன்றி வழக்கு நினைவிருக்கும். வார்டு எதிர் ஹாப்ஸ் என்பது அதன் பெயர். நோயுற்ற பன்றிகளை 'எல்லாக் குறைகளோடும்' என்று அறிவித்துச் சந்தையில் விற்றார் ஒருவர். வாங்கியவரின் பன்றிகள் இறந்தன. விற்றவர் பொறுப்பல்லர் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வாங்குபவரே விழிப்பாயிரு என்னும் கோட்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக அதை மனப்பாடம் செய்தோம். டீலரும் ஏறக்குறைய அந்த விடையையே சொன்னார். டெலிவரித் தாளின் அடியில் பொடி எழுத்தில் 'உள்ளது உள்ளபடி' என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி, "பழைய வண்டிக்கு வாரண்டி கிடையாது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றார்.

பெரியவர் கிளைக்கு வந்து என் எதிரில் அமர்ந்தபோது சண்டை போடும் மனநிலையில் இல்லை. அடுத்த மாதத் தவணையை நிறுத்திவிடலாமா என்றுதான் கேட்டார். கூடாது என்றேன். இதை எல்லா வாடிக்கையாளருக்கும் சொல்லியாக வேண்டும். கார் ஓடாவிட்டாலும் கடன் ஓடிக்கொண்டிருக்கும். டீலர் மீதுள்ள கோபத்தில் தவணையை நிறுத்தினால் டீலருக்கு ஒரு நட்டமும் இல்லை. உங்கள் கடன் மதிப்பெண் விழும், அபராதம் ஏறும்.

பிறகு அவருடைய கோப்பை எடுத்துவரச் சொன்னேன். டீலர் கொடுத்த விலைப்புள்ளியின் நான்காவது வரியில், 'மேற்கண்ட விலை, ஒப்படைப்புக்கு முன் செய்யும் முழு சர்வீஸ் கட்டணத்தையும் உள்ளடக்கியது' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டு, டீலரின் முத்திரையும் இருந்தது. மொத்தத் தொகையைச் சரிபார்த்துப் பென்சிலால் நான் இட்ட குறி அதற்கு இரண்டு வரி கீழே இருந்தது. அந்த வாக்குறுதி என் கண்முன்னே இருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை. வாடிக்கையாளரும் படிக்கவில்லை. நிறைவேற்றியதற்குச் சான்று கேட்காமலேயே மூன்று லட்சம் ரூபாயை டீலரின் கணக்குக்கு நேரடியாக அனுப்பினோம்.

அந்த ஒரு வரி வழக்கின் தன்மையையே மாற்றிவிட்டது. பழைய காரில் குறை இருக்கலாம் என்பது வேறு, விலை வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட பணியைச் செய்யாதிருப்பது வேறு. முன்னதில் 'உள்ளது உள்ளபடி' ஓரளவு செல்லலாம். பின்னதில் அது டீலரைக் காக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டையும், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதையும் முறையீட்டுக்குரியவையாக வைத்திருக்கிறது.

பழுது நீக்கும் முன்பே எல்லாவற்றையும் படமெடுக்கச் சொன்னேன். பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் பையில் கட்டி வைத்துக்கொண்டார். கண்டவற்றைப் பணிமனையிடம் தேதியிட்டு எழுதி வாங்கினார். இந்த வரிசை முக்கியம். கோபத்தில் முதலில் வண்டியைச் சரிசெய்துவிட்டுப் பிறகு சான்று தேடுபவர்களே அதிகம். விலைப்புள்ளியின் நகல், பணிமனை அறிக்கை ஆகியவற்றை இணைத்து, சர்வீஸ் செய்ததற்கான ஜாப் கார்டையும் பில்லையும் பதினைந்து நாளில் காட்டுமாறும், இல்லையேல் பழுதுச் செலவை ஏற்குமாறும் பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார். கடிதத்தில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. விடை வராததால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தார். அதன் பிறகே டீலர் பேச வந்தார். ஜாப் கார்டு அவரிடம் இல்லை. இருந்திருந்தால் முதல் நாளே காட்டியிருப்பார். இறுதியில் 22,000 ரூபாய் கொடுத்தார். மீதியைப் பெரியவர் தம் சேமிப்பிலிருந்து கட்டினார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்றேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு அங்கே கட்டணமில்லை, இரண்டாண்டுக்குள் மனுச் செய்யலாம், வசிக்கும் ஊரிலேயே செய்யலாம் என்றும் விளக்கினேன். "எனக்கு வழக்கு நடத்த வயதில்லை சாகேப், வண்டி ஓடினால் போதும்" என்றார். அவர் முடிவில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்த 12,600 ரூபாய் இன்னும் என்னை உறுத்துகிறது.

தனிநபர் ஒருவர் தம் சொந்தக் காரை உங்களுக்கு விற்றால் இச்சட்டத்தின் உதவியை எதிர்பார்க்க முடியாது. அவர் வணிகர் அல்லர். டீலரிடம் வாங்குவதால் கூடுதல் விலை கொடுக்கிறோம் என்றால், இந்தப் பொறுப்புக்கும் சேர்த்தே கொடுக்கிறோம்.

விதிகளிலும் நமக்குப் பயன்படும் ஒன்று உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியைச் சோதனை ஓட்டம், பழுதுபார்த்தல், வண்ணம் பூசுதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஒவ்வொரு பயணத்தையும், அதன் நோக்கம், ஓட்டுநர், நேரம், தூரம் ஆகியவற்றுடன் மின்னணுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். வெளிப் பணிமனைக்கு சர்வீஸுக்குப் போன கார் என்றால் அந்தப் பயணம் பதிவேட்டில் இருந்தாக வேண்டும் அல்லவா? கேட்டுப் பாருங்கள். டீலரின் முகத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும்.

ஆனால் சட்டமும் விதியும் பணம் போன பிறகு துணைக்கு வருபவை. வாங்குபவரின் கை ஓங்கியிருப்பது மீதிப் பணம் டீலருக்குப் போய்ச் சேரும்வரைதான். முன்பணம் கொடுக்கும்போதே, செய்யப்போகும் பணிகளைப் பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். 'ஃபுல் சர்வீஸ்' என்ற சொல்லுக்கு ஒவ்வொருவர் அகராதியில் ஒவ்வொரு பொருள். சிலருக்கு அது கழுவித் துடைத்தல். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில், பிரேக் பேட், பேட்டரி என்று தனித்தனியே இருக்கட்டும். செய்து முடித்ததற்குக் கிலோமீட்டர் குறித்த ஜாப் கார்டையும், ஜிஎஸ்டி எண் உள்ள பில்லையும் கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய் டிப்ஸ்டிக்கை நீங்களே இழுத்துப் பாருங்கள். இதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. இவையெல்லாம் கையில் வந்த பிறகே கடன் தொகையை விடுவிக்குமாறு உங்கள் கிளைக்கு எழுதிக் கொடுங்கள்.

வங்கிகளாகிய நாமும் அந்த ஜாப் கார்டை ஆவணப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதைச் சொன்னால் சக அலுவலர்கள் இரண்டு மறுப்புகள் சொல்வார்கள். வண்டியின் எந்திர நிலை வங்கியின் வேலையன்று என்பது ஒன்று. நமக்கு அந்த வண்டியே ஈடு. எஞ்சின் பழுதான ஈட்டின் மதிப்பு என்ன என்பதை மதிப்பீட்டாளரிடம் கேட்டால் தெரியும். அவர் பெரும்பாலும் வண்டியைச் சுற்றி வந்து, சேசிஸ் எண்ணைப் பார்த்து, படமெடுத்துப் போகிறார். ஆயிலைத் தொட்டுப் பார்ப்பது அவர் பணியில் இல்லை. இரண்டாவது மறுப்பு கொஞ்சம் வலுவானது. நாம் தாள் கூடுதலாகக் கேட்டால் டீலர் வேறு நிதி நிறுவனத்துக்கு வாடிக்கையாளரை அழைத்துச் சென்றுவிடுவார் என்பது. போகக்கூடும், சில கடன்களை இழப்போம். ஒரு பில்லைக் காட்ட மனமில்லாமல் வாடிக்கையாளரை வேறிடம் திருப்பும் டீலரின் வண்டிகள் மீது நம் பணம் இல்லாதிருப்பதை நட்டக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

நாகபுரியை விட்டு மாற்றலாகும் முன் இன்னொரு பழைய கார் கடன் என் மேசைக்கு வந்தது. விலைப்புள்ளியில் அதே போன்ற ஒரு வரி. டீலரின் ஆள் தொகை எப்போது வரும் என்று கேட்டார். சர்வீஸ் பில் வந்ததும் என்றேன். "இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை சார்" என்றார். இரண்டு நாள் கழித்து பில்லோடு வந்தார். அதில் அன்றைய தேதிதான் இருந்தது, தாளின் ஓரத்தில் ஆயில் விரல் பதிந்திருந்தது. அன்று மாலையே பணத்தை அனுப்பினோம்.