பழகிவிட்டது, ஸார்!

நமது வீட்டு மோட்டாருக்கு வயது பதினொன்று. இயந்திரத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முன்புறப் பம்பரும் பக்கக் கண்ணாடிகளின் கூடுகளும் வெங்காயச் சருகு போல் உரியத் தொடங்கிவிட்டன. விருந்தினர் வரும்போதெல்லாம் காரைச் சுவர் ஓரமாகத் திருப்பி நிறுத்தும்படி வீட்டில் உத்தரவு!

உரிவது வர்ணம் அன்று. வர்ணத்தின் மேல் பூசியிருக்கும் கிளியர் கோட் என்னும் கண்ணாடிப் பூச்சு. அதன் கனம் சுமார் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் நாளடைவில் அதைச் சிதைக்கின்றன. போதாக்குறைக்கு, பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைக் காட்டிலும் பல மடங்கு விரிகிறது. பம்பர்களுக்குப் பெரிதும் பயன்படும் பாலிபுரோபிலீனுக்கோ வர்ணத்துடன் இயல்பாகவே ஒட்டுறவு கிடையாது.

உரிந்த ஓரத்தின் மேலேயே புதுப் பூச்சு அடிப்பது, காரை பெயர்ந்த சுவருக்கு வெள்ளையடிப்பதை ஒக்கும். பழையது உரியும்போது புதியதும் கூடவே வந்துவிடும். முதலில் சோப்பு நீரால் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பசையும் போகத் துடைக்க வேண்டும். பிறகு 400 நம்பர் உப்புத்தாளால், விரல் வைத்துத் தடவினால் மேடு பள்ளம் தெரியாத வரையில் தேய்த்து, 600 நம்பரால் மென்மையாக்க வேண்டும். பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடங்களில் பிளாஸ்டிக் பிரைமர் அவசியம். அதன் மேல் வர்ணம். கடைசியில் கிளியர் கோட், மெல்லிய படலமாக இரண்டு மூன்று தடவை. பொறுமைதான் இதில் பாதி வேலை.

நிற்க. இவ்வளவையும் நன்கறிந்த ஒரு பட்டறைக்குச் சென்றோம். அங்கே ஓர் இளைஞன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேறொரு காருக்குக் கிளியர் கோட் அடித்துக்கொண்டிருந்தான். இடையிடையே இருமினான். நீடித்து உழைக்கும் கிளியர் கோட்டில் ஹார்டனர் கலப்பார்கள். அதில் ஐஸோசயனேட் என்னும் ரசாயனம் உண்டு. அதன் புகைத் திவலையைச் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா உண்டாகலாம். கைக்குட்டை அதைத் தடுக்காது. சுத்தமான காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் முகமூடி வேண்டும். இதைப் பட்டறைக்காரரிடம் சொன்னோம்.

"அவனுக்குப் பழகிவிட்டது, ஸார்!" என்றார் அவர்.

கள்ளிச் செடிக்கு வெயில் பழகலாம். இந்த விஷம் பழகுவதில்லை. நேர்மாறாக, ஒரு முறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், அப்புறம் அணுவளவு பட்டாலும் மூச்சு முட்டும்.

நாம் திரும்பி வந்துவிட்டோம். முகமூடியும் தனி அறையும் உள்ள வேறொரு பட்டறையில், ஒன்றரைப் பங்கு கூலி கொடுத்து வேலையை முடித்தோம். கார் இப்போது பளபளக்கிறது. சுவர் ஓர வாசமும் நீங்கியது.

ஆனாலும் நமக்குத் திருப்தி இல்லை. நமது கார் இடம் மாறிற்று. அந்த இளைஞன் மாறவில்லையே! கூலியைப் பற்றிப் பேரம் பேசுமுன், "முகமூடி இருக்கிறதா?" என்று வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால், பட்டறைக்காரர்களுக்கு அந்தக் கேள்வியும் பழகிவிடும் அல்லவா?