வலி தணிக்கும் கரங்கள்

சென்ற ஆண்டு ஆலங்காயத்தில், புற்றுநோய் முற்றிய பெரியவர் ஒருவருக்கு வலிநீக்கும் மார்ஃபின் மாத்திரை கொடுக்க அவர்தம் மக்கள் மறுத்துவிட்டனர். மயங்கிக் கிடந்தால் இறுதி வேளையில் கலிமா மொழிவது எங்ஙனம் என்பது அவர்கள் அச்சம். பொருளற்ற அச்சமென்று நான் சொல்லேன். ஆயினும், வலியில் துடிக்கும் நாவுக்கு மட்டும் கலிமா எளிதோ?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இல்லம் வந்த செவிலியப் பெண் பொறுமையுடன் விளக்கினார்: அளவறிந்து தந்தால் முதல் சில நாள் உறக்கம் மிகும், பின்னர் தெளியும், வலி கண்டபின் அன்று, 4 மணி நேரத்துக்கொரு முறை, வலி வருமுன்னரே தர வேண்டும், மலச்சிக்கலுக்கும் உடன் மருந்து வேண்டும். இறுதிநிலை நோயாளருக்கென 1967இல் இலண்டனில் இல்லம் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரும் முதலில் செவிலியரே. அவர் வற்புறுத்திய முறையும் இதுவே.

நான்காம் நாள் பெரியவர் பேத்தியைப் பெயர் சொல்லி அழைத்து, உளூவுக்குத் தண்ணீர் கேட்டார்.