32-வது பிரிவில் வேளாண் துறை எங்கே?

போன வருஷம் மாசி மாசம் எங்க ஊர் சம்சாரி ஒருத்தர் பூச்சிமருந்தைக் குடிச்சுட்டார். எனக்கு அண்ணாச்சி முறை. நாலு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம். படைப்புழு தின்னது போக மிச்சத்தைக் காட்டுப்பன்றி உழப்பிருச்சு. மைனியோட நகை அடகில் இருந்தது. எப்படியோ பிழைச்சுக்கிட்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது கொடுத்த சீட்டில், மனநல மருத்துவரைப் பார்க்கவும்னு ஒரு வரி எழுதியிருந்தது. எங்கே, எந்தக் கிழமைன்னு இல்லை. மைனி அதை ரேஷன் கார்டுக்குள்ள மடிச்சு வச்சிருந்தாங்க. பக்கத்து வீட்டுக்கு மாசாமாசம் பிரஷர் மாத்திரை கொண்டுவர்ற அம்மாவுக்குக்கூட விஷயம் தெரியாது. அந்த வீட்டைத் தேடி வந்தது ரெண்டே பேர்: ஸ்டேஷன்ல இருந்து ஒருத்தர், கடன் பாக்கி கேட்டு ஒருத்தர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. அவர் மறுபடி முயலாதபடி சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. மாவட்டத்தில் அரசு சேவை இல்லையென்றால் அங்கேயே வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், செலவு அரசுடையது. இது 18-வது பிரிவு. இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கோம்?

நான் திரும்பத் திரும்பப் படித்தது 32-வது பிரிவை. துறைகள் ஒருங்கிணைந்து செயல்பட அரசு எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்கிறது. சுகாதாரம், சட்டம், உள்துறை, சமூகநீதி, வேலைவாய்ப்பு, கல்வி, மகளிர், குழந்தைகள் மேம்பாடு என்று பட்டியல் நீளுது. வேளாண்மை இல்லை! ‘போன்ற’ என்று ஒரு சொல் இருப்பதால் சேர்க்கத் தடையும் இல்லை. சேர்க்கணும்னு யாருக்கும் தோணலை, அவ்வளவுதான்.

கரிசல்ல வெள்ளாமை போச்சுன்னா முதல்ல யாருக்குத் தெரியும்? டாக்டருக்கா? அடங்கல் எழுதும் கிராம நிர்வாக அலுவலருக்கு, உதவி வேளாண் அலுவலருக்கு, கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கு, உரக்கடைக்காரருக்கு. இவங்கள்ல ஒருத்தர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட வழி வச்சிருந்தா, மாசிக்கு முன்னாடியே ஒரு நர்ஸ் அந்தத் திண்ணையில வந்து உட்கார்ந்திருப்பாங்க. இதுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம். ஒரு அரசாணை போதும்.

விஷம் சுலபமாக் கிடைப்பதும் இதில் சேர்ந்ததுதான். இலங்கையில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை 1995-லும் எண்டோசல்பானை 1998-லும் தடை செய்தார்கள். 2005-க்குள் தற்கொலை விகிதம் பாதியாக் குறைஞ்சது, விளைச்சல் குறையலை. நம்ம மாநிலத்திலும் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட ஆறு மருந்துகளுக்குத் தடை வந்தது, 60 நாளைக்கு மட்டும். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசால் அவ்வளவுதான் முடியும், மிஞ்சினா இன்னொரு 30 நாள். நிரந்தரத் தடை டெல்லி கையில.

நம்ம இயக்கத்துக்காரங்க சிலர், இயற்கை விவசாயத்துக்கு மாறினா மனசும் சரியாயிரும்னு மேடையில பேசுறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கடன் குறையும், வீட்டில் விஷம் இருக்காது, அது நிஜம். ஆனா மனநோய்க்கு மாத்திரை வேணும், பேச ஆள் வேணும். பஞ்சகவ்யம் அதுக்கு மருந்தில்லை.

போதுமான மனநலப் பணியாளர்களை நியமிக்க அரசு முயல வேண்டும் என்று அதே சட்டம் கொடுத்த கெடு பத்து வருஷம். 2028 மே மாதம் முடியுது.

அண்ணாச்சி இப்போ மாத்திரை சாப்பிடுறார். அதுக்கு மாசம் ஒருநாள் வேலையை விட்டு டவுனுக்குப் பஸ் ஏறணும். உழவர் குறைதீர் கூட்டத்தில் ரெண்டு விஷயம் கேட்டு மனு கொடுக்கப்போறோம்: அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கணும், ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும் அன்னைக்கே ஊர் நர்சுக்குத் தகவல் வரணும். உங்க ஊர் மனுவிலும் இதைச் சேருங்க. அதுவரைக்கும் 14416, 104 ரெண்டு எண்ணையும் உரக்கடைச் சுவத்துல எழுதி வைங்க. எந்த நேரமும் தமிழ்ல பேசலாம். எங்க ஊர்க் கடைக்காரர் சரின்னுட்டார், பெயின்ட் மட்டும் நாங்க வாங்கித் தரணுமாம்.