பெங்களூரு ஒற்றை ஆளின் சாதனை அல்ல

தொழில்நுட்பத்தைப் பற்றிச் சமீபத்தில் வந்த புத்தகங்களிலும் படங்களிலும் பெரும்பாலும் ஒரே கதைதான். கையில் காசில்லாத ஒருவன், அவனைக் கேலி பேசும் ஊர், கோப்பை நகர்த்தாத அரசு அதிகாரி, கடைசியில் அவன் வெற்றி. தொழில்நுட்பம் துணிச்சலான சில தனிமனிதர்களின் படைப்பு, அரசும் தொழிலாளியும் அதற்கு முட்டுக்கட்டை என்பது படித்தவர்களின் பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டது. இது பொய். பெங்களூருவில் வாழ்ந்துகொண்டு இந்தப் பொய்யை நம்புவது, நமக்குச் சோறு போட்டவர்களை மறப்பதாகும்.

சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’ (2020) நல்ல படம். சாகக் கிடக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க ஊருக்குப் போக வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை. விமான நிலையத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் சூர்யா கையேந்தும் காட்சியில் கண் கலங்காதவர்கள் குறைவு. அந்தக் காட்சி கேட்கும் நியாயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏழைக்கு விமானம் கிடைத்தது ஒரு மனிதனின் பிடிவாதத்தால் மட்டுமே என்ற எண்ணத்தோடுதான் படம் நம்மை வீட்டுக்கு அனுப்புகிறது.

அந்தப் படத்துக்கு அடிப்படை கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் வாழ்க்கை. அவருடைய ஏர் டெக்கான் 2003-இல் பெங்களூருவிலிருந்து பறக்கத் தொடங்கியது. எந்த ஓடுபாதையிலிருந்து? பொதுத்துறை நிறுவனமான எச்.ஏ.எல்.லின் ஓடுபாதையிலிருந்து. 2008 மே மாதம் வரை இந்த நகரத்துக்கு அதுதான் விமான நிலையம். ஹூப்ளி போன்ற ஊர்களில் அவருடைய சிறிய விமானங்கள் இறங்கியதும் அரசு போட்டு வைத்திருந்த பாதைகளில்தான். தனியார் நிறுவனங்களுக்கு வழிவிட்டது 1994-இல் நாடாளுமன்றம் செய்த சட்ட மாற்றம். படம் வெற்றியோடு முடிகிறது. நிஜம் அங்கே முடியவில்லை. 2007-இல் ஏர் டெக்கானின் பங்குகள் விஜய் மல்லையாவின் குழுமத்துக்குப் போயின. ஏர் டெக்கான் அவருடைய கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தோடு இணைந்தது. 2012-இல் கிங்ஃபிஷரும் நின்றது. ஊழியர்கள் சம்பள பாக்கி கேட்டுப் போராடினார்கள். நாயகனை மட்டுமே பார்க்கும் கதைக்கு அந்த ஊழியர்கள் கண்ணில் படுவதே இல்லை.

பெங்களூருவின் 1981-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.எம்.டி. போன்ற பொதுத்துறை ஆலைகளின் தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டு நடத்திய 77 நாள் வேலைநிறுத்தம் அந்த ஆண்டு மார்ச்சில் முடிந்தது. ஜூன் 19-ஆம் தேதி, இந்த ஊரில் உருவான ‘ஆப்பிள்’ என்ற செயற்கைக்கோள் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் விண்ணுக்குப் போனது. அதன் திட்ட இயக்குநர் ஆர்.எம். வாசகம். ஜூலையில் புனேயில் ஏழு பொறியாளர்கள் சேர்ந்து இன்ஃபோசிஸைத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அது பெங்களூருவுக்கு வந்தது.

இந்த மூன்றில், இன்ஃபோசிஸைத் தொடங்க சுதா மூர்த்தி கணவர் நாராயண மூர்த்திக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாயின் கதை மட்டும் ஊரறியும். எழுத்தாளர் சித்ரா பானர்ஜி திவாகருணி 2024-இல் அந்தத் தம்பதியின் ஆரம்ப கால வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். ஆப்பிளின் நிலை என்ன? அது மாட்டுவண்டியில் நிற்கும் புகைப்படத்தைப் பணமில்லாத நாட்டின் பரிதாபமாகப் பகிர்கிறோம். ஆன்டெனாவைச் சோதிக்க உலோகம் குறுக்கிடாத மேடை வேண்டியிருந்தது. மரவண்டி அதற்குப் பொருந்தியது. பொறியாளர்கள் கூடி யோசித்து எடுத்த முடிவு அது. அந்த யோசனை எந்தப் படத்தில் வந்தது? வேலைநிறுத்தம் செய்தவர்களின் வீட்டுக் கதவை எந்த இயக்குநர் தட்டினார்? அந்தத் தொழிலாளர்களின் பெங்களூருவை அறிய ஜானகி நாயரின் 2005-ஆம் ஆண்டு ஆய்வு நூலைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

“அரசு ஆலைகள் நொடித்துப் போனவைதானே? எச்.எம்.டி. கடிகாரமே நின்றுவிட்டதே?” என்று கேட்பார்கள். நின்றது உண்மை, நிர்வாகத் தவறுகளும் உண்மை. ஆனால் 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இந்த ஊரைத் தேடி வந்தபோது இங்கே பொறியாளர்கள் தயாராக இருந்தார்களே, அவர்களை உருவாக்கியது யார்? 1909-இல் மைசூர் அரசு நிலம் தந்து எழுந்த இந்திய அறிவியல் கழகமும், இந்த ஆலைகளும், அரசுக் கல்லூரிகளும்தான். எலக்ட்ரானிக் சிட்டியே மாநில அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் அமைத்தது. ஐபோனுக்குள் இருக்கும் இணையமும் ஜி.பி.எஸ்.ஸும் தொடுதிரையும் அரசுப் பணத்தில் வளர்ந்தவை என்று பொருளாதார அறிஞர் மரியானா மட்சுகாட்டோ 2013-லேயே எழுதிவிட்டார். ஊர் கூடி இழுத்த தேர் நிலைக்கு வந்ததும் ஒருவர் கழுத்தில் மட்டும் மாலை போடுகிறோம்.

பலரை வைத்துக் கதை சொல்ல முடியாது என்பதும் சாக்குதான். நாசாவில் கணக்குப் போட்ட கறுப்பினப் பெண்களைப் பற்றிய ‘ஹிடன் ஃபிகர்ஸ்’ (2016) மூன்று பேரை ஒரே படத்தில் தாங்கியது, உலகம் பார்த்தது.

இந்தப் பொய்யால் வரும் நஷ்டம் திரையரங்கோடு நிற்பதில்லை. நிறுவனரை ஞானியாக்கிவிட்டால் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் வேதமாகிவிடுகிறது. 2023-இல் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நாடே அதை விவாதித்தது. மறு ஆண்டு ஐ.டி. ஊழியர்களின் வேலை நேரத்தை நாளுக்கு 14 மணி வரை நீட்டும் யோசனை கர்நாடகத்தில் எழுந்தது. எதிர்த்து நின்றது கே.ஐ.டி.யு. என்ற ஊழியர் சங்கம். அந்தச் சங்கத்தின் பெயர் எத்தனை வாசகர்களுக்குத் தெரியும்?

எழுதுபவர்களிடமும் படமெடுப்பவர்களிடமும் நான் கேட்பது இதுதான். நிறுவனரைப் பற்றி எழுதுங்கள். அவருக்கு நிலம் யார் தந்தது, படிப்பு யார் தந்தது, இரவு வேலை யார் பார்த்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாசகர்களே, அடுத்த வெற்றிக் கதையைக் கையில் எடுக்கும்போது இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் இல்லாத புத்தகம் எவ்வளவு விற்றாலும் அது வரலாறு ஆகாது, விளம்பரம்தான்.