கல்லெழுத்தும் காண்போரும்

முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் காவிரி, தென்பால் தன் பெயருடனும் வடபால் கொள்ளிடம் என்னும் பெயருடனும் ஓடி, இடையே ஒரு தீவை வளைத்துக்கொள்கின்றது. அத்தீவிலே திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. ஆற்றின் தென்கரைக்கு அணித்தே, சமநிலத்தின் நடுவில் ஒற்றைப் பாறையாய் எழுந்து நிற்பது சிராமலை. இம்மூன்று இடங்களையும் ஒரே பகற்பொழுதிற் கண்டுவிடலாம் என்பது இக்காலத்துப் பலர் கொண்ட எண்ணம். வைகறையில் பேருந்தை விட்டு இறங்குவர். மூச்சிரைக்க மலையேறி உச்சிப்பிள்ளையாரைத் தொழுவர். பாலத்தைக் கடந்து அரங்கனை வணங்குவர். ஆனைக்காவில் நீர்க்கசிவைக் கண்டு வியப்பர். பொழுது இருந்தால் சமயபுரமும் சென்று, இரவே ஊர் திரும்புவர். வழிபாட்டிற்கு இவ்வளவு போதும் என்றால் அதனை மறுப்பார் இலர். ஆயின் ஊரைக் கண்டோம் என்று அவர்கள் கூறுவது பொருந்தாது. அவ்வூர்களின் கற்களிலே எழுத்து உண்டு. அதன்முன் நின்று நோக்குவார் அரியர். நோக்காமற் செல்வதோடு நில்லாமல், ஆணியாலும் கரியாலும் அதன்மேல் தம் பெயரைக் கீறிச் செல்வாரும் உளர்.

மலையிலிருந்தே தொடங்கலாம். சிராமலையின் உயரம் ஏறத்தாழ 83 மீட்டர். படிகளில் ஏறுவார் உச்சியை நோக்கியே விரைகின்றமையால், வழியில் உள்ள மேலைக் குடைவரையைப் பெரும்பாலும் கடந்துவிடுகின்றனர். கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கோயில் அது. கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் திருவுருவம் அதன் சுவரிலே புடைத்து நிற்கின்றது. அவ்வுருவத்தின் இருபுறத்துத் தூண்களில் வடமொழிச் செய்யுட்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றன் கருத்து மிக இனியது. ஆறுகள்மேல் விருப்புடையவர் இறைவர். கண்ணுக்கு இனிய காவிரியைக் கண்டால் அவள்மேலும் மனம் வைத்துவிடுவாரோ என்று அஞ்சிய மலைமகள், பிறந்தகத்தை விட்டு இம்மலையிலேயே வந்து தங்கிவிட்டாளாம். காவிரி பல்லவனுக்கு உரியவள் என்றும் கூறுகின்றாளாம். மன்னன் தன் ஆட்சியின் எல்லையை எத்துணை நயமாகச் சொல்லிக்கொள்கின்றான்! இதே மலையின் தாயுமானவர் கதையிலும் காவிரி வருகின்றது. வெள்ளம் பெருகித் தாயை அக்கரையில் தடுத்து நிறுத்தவே, மகப்பேற்றுக்குத் துணையின்றி வருந்திய பெண்ணுக்கு இறைவனே தாயாக வந்தான் என்பது அக்கதை. கல்லும் கதையும் வெவ்வேறு காலத்தன. இரண்டும் ஒரே ஆற்றை நோக்கிப் பேசுகின்றன.

தமிழ் கற்பார் அக்குடைவரையில் தவறாது அறிய வேண்டிய பொருள் வேறொன்றும் உண்டு. சிராமலை அந்தாதி என்னும் நூல் முழுவதும் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளது. வேம்பையர்கோன் நாராயணன் என்பார் இயற்றிய, நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட நூல் அது. கறையானுக்கும் நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் இரையான ஏடுகள் எத்தனை என்பதைத் தமிழுலகம் அறியும். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று தேடியும் கிட்டாத நூல்கள் பல. இந்நூலோ பாறையை ஏடாகக் கொண்டமையால் நின்றது. அச்சுவரில் ஒருவன் ஆணி கொண்டு கீறுவானாயின், அவன் கீறுவது சுவரை அன்று, ஒரு செய்யுளை.

இங்கே அறிவுடைய மாணவன் ஒருவன் ஒரு தடை எழுப்பலாம். “உச்சிக்கு அருகே சமண முனிவர் உறைந்த குகையிலும் பழைய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளனவே, அவற்றைப் போற்றிப் பாதுகாக்கின்றோம், இன்று ஒருவன் தன் பெயரை எழுதினால் மட்டும் பழிப்பது முறையோ?” என்பான். தடை எளிதில் தள்ளத்தக்கதன்று. மகேந்திரவர்மனும் மலையைக் குடைந்தவனே அல்லனோ? ஆயினும் வேறுபாடு உண்டு. முன்னோர் எழுதியபோது அப்பாறை வெற்றிடமாய் இருந்தது. இன்று எழுதுவானுக்கு அது வெற்றிடம் அன்று. பிறர் எழுதி முடித்த ஏட்டின் வரிகளுக்குமேல் அவன் எழுதுகின்றான். துறவியின் பெயரால் அவ்வூரில் ஒரு பள்ளி இருந்தது விளங்குகின்றது. இவன் பெயரால் விளங்குவது, இவன் ஒருநாள் ஆணியோடு வந்தான் என்பது மட்டுமே.

திருவரங்கத்தின் பெருமையை எண்களாற் கூறுதல் எளிது. மதில் சூழ்ந்த திருச்சுற்றுகள் 7, கோபுரங்கள் 21, பரப்பு 156 ஏக்கர். நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்ற தெற்கு இராசகோபுரம் 1987-ஆம் ஆண்டில் 236 அடி உயரத்துக்கு நிறைவெய்தியது. வழிகாட்டுவோர் இவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுவர். சொல்லாமல் விடுவது, மதில்களிலும் மண்டபங்களிலும் உள்ள 600-க்கு மேற்பட்ட கல்வெட்டுகளை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் அரசு வெளியீட்டின் 24-ஆம் தொகுதி முழுவதும் இக்கோயிலுக்கே உரியது என்றால் அவற்றின் மிகுதி புலனாகும். பராந்தக சோழன் காலம் முதல் நாயக்கர் காலம் வரை, தமிழிலும் வடமொழியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அவை பேசுகின்றன.

1323-இல் தில்லிப் படை தெற்கே வந்தபோது அரங்கனின் உலாத்திருமேனியை அன்பர்கள் மறைவாகக் கொண்டு சென்று, பல ஊர்களில் அலைந்து, இறுதியில் திருமலையில் வைத்துக் காத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. கேட்போர் கண்கலங்குவர். 1371-இல் விசயநகரத் தலைவராகிய கோபணாரியர் அத்திருமேனியை மீண்டும் அரங்கத்தில் எழுந்தருளச் செய்தார் என்பதைக் கோயிற் சுவரில் உள்ள வடமொழிச் செய்யுட்களே சான்று காட்டி உறுதி செய்கின்றன. கதையைக் கேட்டு உருகியவர்கள் சில அடி நடந்து அச்சான்றைக் காணாது திரும்புவது இரங்கத்தக்கது.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலே நந்தா விளக்கு பற்றிய செய்தி மிகுதியாக வரும். ஒரு விளக்கு இரவும் பகலும் எரிய, 90 அல்லது 96 ஆடுகளை ஒருவர் கோயிலுக்கு அளிப்பார். இடையர் அவற்றைப் பேணி நாள்தோறும் நெய் அளப்பர். அவ்வாடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று நகைக்க வேண்டா. இறந்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமற் காப்பதனால் அப்பெயர் வந்தது. பொருளியல் நூல் ஒன்று பல பக்கங்களில் விளக்கும் முதலீட்டு முறையை மூன்று சொற்களில் அடக்கினர் அவர்கள். இக்காலத்து அன்பர் ஒருவர் கோயிலுக்குக் குழல்விளக்கு ஒன்றை அளித்து, அவ்விளக்கின்மேலேயே உபயம் என்று தொடங்கித் தம் பெயரையும் தெருவையும் எழுதி, ஒளியிற் பாதியை மறைத்துவிடுவதை எண்ணும்போது, சுவரில் எழுதிவைத்த பழையவரின் அறிவு நன்கு விளங்குகின்றது.

இன்னும் வியப்புக்குரியது, தன்வந்திரி சந்நிதியைச் சார்ந்த ஆரோக்கியசாலை. நோயுற்றார்க்கு மருந்தளிக்கும் இடம் ஒன்று இக்கோயிலுள்ளே இருந்தது. சிதைந்துபோன அச்சாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்தார் என 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கின்றது. கோயில் என்பது பூசைக்கு மட்டும் உரிய இடம் என்று எண்ணுவார்க்கு இவ்வொரு கல்வெட்டே விடையாகும். வாயால் எத்தனை முறை சொன்னாலும் நம்பாத ஒருவன், எழுத்தைக் கண்ணாற் கண்டபின் நம்புவான்.

“அவ்வெழுத்தைப் படிப்பது அறிஞர்க்கே இயலும்” என்பது பலர் கூறும் சமாதானம். அது முழுதும் உண்மை அன்று. வடமொழிக்கு வழங்கிய கிரந்த எழுத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். ஆயின் விசயநகர, நாயக்கர் காலத்துத் தமிழ் எழுத்துகள் இன்றைய எழுத்துக்கு மிக நெருங்கியவை. மூன்று செய்திகளை நினைவிற் கொண்டால் மாணவரும் சில சொற்களைக் கூட்டிப் படிக்கலாம். மெய்யெழுத்துக்குக் கல்லிற் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி இருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ‘கல’ என்று பொறித்திருந்தால் அது ‘கல்’லோ ‘கல’வோ என்பதை இடம்நோக்கித் துணிய வேண்டும். எகர ஏகார வேறுபாட்டை இன்றுள்ளவாறு வகுத்தவர் 18-ஆம் நூற்றாண்டினராகிய வீரமாமுனிவர் என்பர். முதன்முதலாக ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்னும் தொடக்கத்தையோ, அறிந்த ஓர் ஊர்ப் பெயரையோ கல்லிலே கண்டுகொள்ளும் மாணவன் அடையும் மகிழ்ச்சியைப் பாடநூல் தரமாட்டாது.

கீறுவோரைப் பழித்துவிட்டுக் கோயில்களைப் பேணுவோரைப் பேசாது விடுதல் நடுவுநிலை ஆகாது. கல்வெட்டுச் சுவரில் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுதல், மின்கம்பி செல்ல ஆணி அறைதல், தூய்மை என்னும் பெயரால் மணலை விசையுடன் பாய்ச்சி எழுத்தின் விளிம்பைத் தேய்த்தல், பழைய தளத்தின்மேல் வழவழப்பான புதுக்கல் பதித்து அடிவரிசை எழுத்தைப் புதைத்தல் ஆகிய இவையெல்லாம் திருப்பணி என்னும் பெயரால் தமிழ்நாட்டில் நிகழ்ந்தவையே. ஆணிகொண்டு வருபவன் ஒரு வரியைக் கெடுக்கின்றான். அறியாது செய்யும் திருப்பணி ஒரு சுவரையே கெடுத்துவிடும்.

சிராப்பள்ளியில் காண வேண்டியவை இவற்றோடு முடிந்துவிடுவதில்லை. மலையடியின் தென்புறத்தில் 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரை ஒன்று உண்டு. சோழர் தலைநகராகிய உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து பண்டைப் பானையோடுகளைக் கண்டனர். நத்தர்வலி தர்காவும், சுவார்ச்சு ஐயர் 1766-இல் எழுப்பிய தேவாலயமும் மலையின் அயலிலேயே உள்ளன. இவை ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் வேண்டும்.

ஆதலின் பள்ளிகள் மேற்கொள்ளும் சுற்றுலாவின் திட்டம் மாறுதல் நன்று. ஒருநாளில் ஐந்து கோயில் என்பதை விட்டு, ஒருநாளில் ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னதாகவே வகுப்பறையில் ஒரு கல்வெட்டின் அச்சிட்ட வாசகத்தைப் படித்துக்கொண்டு, பின்னர் அக்கல்லின்முன் சென்று நிற்க வேண்டும். எழுத்துத் தெளியவில்லை என்று சுண்ணாம்புக் கட்டியையோ மாவையோ தடவுதல் கூடாது. மைப்படி எடுத்தல் துறையார்க்கே உரிய பணி. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அவ்வேளையில் சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், நண்பகலிற் புலப்படாத வரிகளும் தாமே தெளியும்.